வாயில் வைப்பதா, மடியில் வைப்பதா

“அந்தத் தோலுக்குரிய ஆட்ட அறுத்தது ஆரு?” என்று உம்மா கேட்டார்.

எங்கள் முற்றத்துப் பாயில் ஒரு மிருதங்கம் கிடந்தது. பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவிலிருந்து என் நண்பன் யோகன் அதைத் துணியில் சுற்றி, சைக்கிளின் பின்னால் கட்டி எடுத்து வந்திருந்தான். உம்மா கிட்ட வரவில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பிடிக்காத பெண்ணைப் பார்ப்பதுபோல், குசினி வாசலில் நின்றே பார்த்தார்.

“அது எங்கயோ செய்றது அம்மா. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும்,” என்றான் யோகன்.

“அது சரி மனே. பிஸ்மி சொல்லி அறுத்ததா எண்டுதான் கேக்கன்.”

யோகன் என்னைப் பார்த்தான். மிருதங்கத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் ஆயத்தத்தோடு வந்தவன். இறைவன் பெயர் சொல்லி அறுத்த ஆடா என்ற இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆயத்தமாக வரவில்லை.

“கடையில வாங்கக்குள்ள அதெல்லாம் விசாரிக்கிறல்ல அம்மா.”

“அப்ப மகன்ட மடியில இத எப்பிடி வெக்கிற?”

பாயின் மறு ஓரத்தில் மாமா இருந்தார். உம்மாவின் மூத்த சகோதரர். பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மாரில் ஒருவர். எங்கள் வீட்டில் எது கூடும், எது கூடாது என்று சொல்லும் பொறுப்பும் அவருடையது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பதனிட்ட தோல் சுத்தமென்று மார்க்க நூலான கிதாபில் இருப்பதாகச் சொன்னார்.

“கிதாபுல இரிக்கும் காக்கா. என்ட மனசில இல்லியே,” என்றார் உம்மா.

மிருதங்கம் வந்த வழியே திரும்பிச் சைக்கிளில் ஏறியது. என் சங்கீத வாழ்க்கை அப்படித்தான் தொடங்கியது.

கைதட்டியதால் வந்த வினை

இந்தத் தொடரை இடையில் எடுத்துப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அப்போது நான் சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியர். சம்பளமில்லாமல் படிப்பிப்பது, என்றாவது நிரந்தர நியமனம் வருமென்று காத்திருப்பது, இந்த இரண்டும்தான் அந்த வேலை. முதலாவது சுலபம்.

எங்கள் குடும்பத்தில் பெருவிரலை மையில் தோய்க்காமல் கையெழுத்து வைத்த முதல் ஆள் நான். என் கையெழுத்தை வாப்பா குடும்பச் சொத்துப்போல நினைத்தார். தேவையே இல்லாத இடங்களிலும் “மகன் வெப்பான்” என்று என்னை முன்னுக்குத் தள்ளுவார்.

வாப்பா கரைவலை இழுப்பவர். பொறுமைசாலி. ஆனால் அந்த வருடம் நோன்பு நாளில், கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார்:

“மனே, வாற மீலாதுக்குள்ள நியமனத்துக்கு ஒரு வழி தெரியல்லயெண்டா, படிச்சது போதும். வந்து கயிறப் புடி.”

கரைவலைக் கயிறு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போகும் வயதில் விடுமுறைகளில் பிடித்திருக்கிறேன். உப்பும் தும்பும் சேர்ந்து உள்ளங்கையை அராவும். அதைப் பிடிப்பது இழிவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நான் அதைப் பிடித்தால் வாப்பாவின் முகம் எப்படி ஆகும் என்பதை நினைத்தேன்.

வழி எங்கள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியரான அதிபரிடம் இருந்தது. அது கைதட்டலில் தொடங்கிய கதை.

முந்திய வருடம், நபி பிறந்த நாளான மீலாத் விழாவுக்கு ஒரு கல்வி அதிகாரி வந்திருந்தார். எங்கள் பிள்ளைகள் நபிகள் நாயகத்தின் புகழ் பாடினார்கள். வாத்தியம் இல்லாததால் தாளத்துக்குக் கைதட்டினார்கள். கைதட்டலைக் கேட்ட அதிகாரி, நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று எண்ணினார். எழுந்தார், தாமும் நான்கு தட்டுத் தட்டினார், எல்லோருக்கும் ஸலாம் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார். பிள்ளைகள் அப்போதுதான் இரண்டாவது அடிக்கு வந்திருந்தார்கள்.

அதிபர் அதை மறக்கவில்லை. பெருநாள் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றே ஆசிரியர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“வாற மீலாதுக்குக் கைதட்டு இல்ல. ஒரு வாத்தியம் வேணும். எந்தத் தொண்டர் ஆசிரியர் அத வாசிக்கிறாரோ, அவர்ர பேர நான் அதிகாரிக்கிட்ட என்ட வாயால சொல்லுவன்.”

என் கை உயர்ந்தது.

“ஆ, தம்பி! என்ன வாத்தியம் தெரியும்?”

“இனித்தான் சேர், தெரிவு செய்யணும்.”

மாமாவின் தீர்ப்புகள்

புதிதாக வாத்தியம் பழக நினைப்பவன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று யோகனிடம் கேட்டிருந்தேன். விரல் நீளம், மூச்சின் பலம், காதின் கூர்மை என்றான். எங்கள் வீட்டில் யோசிக்கப்பட்டவை வேறு.

மிருதங்கம் போனதும் புல்லாங்குழல். சிறியது, மலிவானது, பள்ளிக்கூடப் பைக்குள் அடங்கும்.

“குர்ஆன் ஓதுற வாயில மூங்கில வெக்கப்போறியா?” என்றார் மாமா.

எனக்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் அப்போது மாமாவின் வாயில் சுருட்டு இருந்தபடியால், அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஹார்மோனியம். பழைய நாடகக்காரர் ஒருவரின் வீட்டில் ஒன்று இருக்கிறதென்று கேள்விப்பட்டு, வாப்பாவும் உம்மாவும் நானும் கல்முனைக்குப் போனோம். அவர் துருத்தியை அசைத்து ஒரு பாட்டு வாசித்தார். வாப்பா தலையைச் சாய்த்துக் கவனமாகப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார்.

“ஒரு கை விசிறுது. மத்தக் கை தடவுது,” என்றார் வெளியே வந்ததும். “இது ஆம்புள செய்ற வேலையா மனே?”

உம்மாவின் கவலை அதைவிட ஆழமானது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தவன் மனைவியின் வீட்டுக்குத்தான் குடிபோவான். ஆண்பிள்ளையிடம் இருக்கும் எதுவும் தூக்கிக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

“நாளைக்கிப் பொண்ணூட்டுக்குப் போகக்குள்ள இந்தப் பெட்டியையும் தலையில தூக்கிட்டா போற? மாமியார் என்ன நெனப்பா?”

எனக்கு அப்போது பெண்ணும் இல்லை, மாமியாரும் இல்லை. ஆனால் அந்த மாமியாரின் அபிப்பிராயத்தால் ஹார்மோனியம் தோற்றது.

அடுத்தது புல்புல்தாரா. பெட்டிபோல இருக்கும், மேலே கம்பிகள், பக்கத்தில் வரிசையாகக் கட்டைகள். ஒரு கையால் கட்டையை அமுக்கி, மறு கையால் கம்பியைத் தட்ட வேண்டும். பிரதான வீதியில் தையல் கடை வைத்திருந்தவரிடம் ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் வாப்பா அசந்துபோனார்.

“டைப் அடிக்கிற மெசின் மாதிரியே இரிக்கிகா! மனே, இதப் படி. இதப் படிச்சா கந்தோர்லயும் எடுப்பாங்க.”

அதில் அடித்தால் எழுத்து வராது, அலுவலகத்தில் எடுக்கமாட்டார்கள் என்று விளக்கினேன். முதலில் இதைப் பழகினால் பிறகு அது வரும் என்றார் வாப்பா.

மாமா கம்பிகளை விரலால் தொட்டுப் பார்த்தார். “நரம்பு வாத்தியம் கூடாது.”

“இது நரம்பில்ல மச்சான். கம்பி,” என்றார் வாப்பா.

“கம்பியும் நரம்புதான்.”

“அப்ப தபால் கந்தோருக்கு வாற தந்திக் கம்பி? அதால வாற மவுத்துச் செய்திய நீங்க கேக்கல்லயா?”

மரணச் செய்தி வரை இழுத்து வாப்பா மாமாவோடு எதிர்த்துக் கதைத்ததை நான் கண்டது அன்றுதான். கம்பிக்கும் நரம்புக்கும் இடையில் பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை வழக்கு நடந்தது. தையல்காரர் தைத்துக்கொண்டே கேட்டிருந்தார். பாங்கு முடிந்ததும் இயந்திரத்தை நிறுத்தி எழும்பி, புல்புல்தாராவை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

“குடும்பத்துக்குள்ள சண்ட வெக்கிற சாமான நான் இரவல் குடுக்கிறல்ல,” என்றார்.

எல்லோருக்கும் சம்மதமானது

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாமா வீட்டில் ஆடு குர்பான் கொடுத்தார்கள். மாமாவே அறுத்தார். இறைச்சி பங்கிட்டு முடிந்த பிறகு, தோல் வேலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இத்தனை வருடம் படித்த படிப்பு முதல் தடவையாக எனக்குக் கைகொடுத்தது.

“மாமா, றபான் அடிச்சா?”

முற்றத்தில் எல்லோரும் யோசித்தார்கள். றபான் என்பது ஒரு மரவளையமும் அதன் ஒரு பக்கத்தில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோலும்தான். வாயில் வைப்பதில்லை. நரம்பு இல்லை, கம்பியும் இல்லை. கலியாண ஊர்வலத்தில் அடிக்கிறார்கள், கந்தூரி விழாவில் அடிக்கிறார்கள். எந்த மாமியார் வீட்டுக்கும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போகலாம்.

“அறுத்தது நான்,” என்றார் மாமா, உம்மா கேட்பதற்கு முன்னரே.

உம்மா சிரித்தார். வாப்பாவும் தலையாட்டினார். மாமா தன் கையாலேயே மயிர் வழித்து, தச்சரிடம் வளையம் செய்வித்து, தோலை இழுத்துக் கட்டித் தந்தார். சில வாரங்களுக்கு அது ஆட்டின் வாசனையோடுதான் இருந்தது.

ஒரு விடயத்தை மட்டும் ஒருவரும் கதைக்கவில்லை. எங்கள் கரையோரத்தில் தெருவில் தனியாக றபான் அடிக்கிறவர் என்றால் அவர் பக்கீர் பாவா. பச்சைத் தலைப்பாகையும் தோளில் பையுமாக வருவார். வாசலில் நின்று றபானைத் தட்டுவார்; வீட்டுப் பெண்கள் உள்ளே இருந்து அரிசி கொண்டுவந்து பையில் போடுவார்கள். பிறந்தது முதல் கண்ட காட்சி இது. அதற்கும் எனக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் படித்தவன் அல்லவா!

யோகன்தான் பழக்கினான். அவன் தனக்குத் தெரிந்த கொஞ்ச மிருதங்கத்தை றபானுக்கு மாற்றிச் சொல்லித் தந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் காரைதீவுக்குச் சைக்கிளை மிதிப்பேன். அந்தச் சிறிய தூரம் பின்னாளில் எவ்வளவு நீண்டுபோனது என்பது வேறு அத்தியாயம். அப்போது அது ஒரு பாட்டு முணுமுணுத்து முடிக்கும் தூரம்.

முதல் நாளே யோகன் கேட்டான். “மச்சான், இத ஏன் எடுத்தாய்?”

“ஒருத்தரும் வேணாமெண்டு சொல்லல்ல.”

“அது ஒரு காரணமா? உனக்கு எந்தச் சத்தம் பிடிக்கும்?”

அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. நேர்மையாக யோசித்துப் பார்த்தேன்.

“நியமனம் வந்த கடித உறையக் கிழிக்கிற சத்தம்.”

யோகன் சிரித்த சிரிப்பில் கிணற்றடியில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்ற அவனது தங்கை வாளியைக் கைவிட்டுவிட்டாள். “அப்ப உனக்கு ஆதி தாளம் போதும்,” என்றான்.

அதையே பழகினேன். இடுப்பில் உடுத்த கைலியான சாரத்தை மடியில் குழியாக விட்டு, அந்தக் குழிக்குள் றபானை நிறுத்தி, திரும்பத் திரும்ப அதே தாளம். பிறகு ஒருநாள், உள்ளங்கை தோலின் நடுவில் விழுந்தபோது எழுந்த ‘தொம்’ காதில் கேட்காமல் வயிற்றில் கேட்டது. கையை எடுக்க மனமில்லாமல் இருந்தேன். யோகனிடம் சொல்லவில்லை. மறுபடியும் சிரிப்பான்.

பையைப் பிடிங்க

மீலாதுக்குக் கிட்டிய ஒரு பின்னேரம், பழகியதைக் காட்ட அதிபரின் வீட்டுக்குப் போனேன். வாசற்படலை சாத்தியிருந்தது. “சேர்” என்று கூப்பிட்டேன், சத்தமில்லை. தோல் ஈரக்காற்றில் தளர்ந்திருந்ததால் வெயிலில் பிடித்துக் காயவைத்தேன். இறுகிவிட்டதா என்று பார்க்க மெல்லத் தட்டினேன். நன்றாக இறுகியிருந்தது. அந்தச் சந்தோசத்தில் ஒரு முழு ஆவர்த்தனம் அடித்தேன்.

கிடுகு வேலிக்கு மேலால் அரிசி அளக்கும் ஒரு சுண்டு வந்தது. நிறைய அரிசி. அதைப் பிடித்திருந்த கை மட்டும் தெரிந்தது.

“பாவா, பையப் புடிங்க.”

நான் பாவா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அந்தக் கை ஏற்கெனவே சரியத் தொடங்கிவிட்டது. அரிசி அல்லாஹ்வின் அருள், பரக்கத்து; கீழே விழக் கூடாது. பை இல்லாத நான், கையில் இருந்ததைத் திருப்பிப் பிடித்தேன். மாமா கட்டிய தோலின் மேல் அரிசி மழைபோல் சலசலத்து விழுந்தது.

“எங்களுக்கும் துஆ செய்ங்க பாவா.”

“ஓம்,” என்று பிரார்த்திக்கச் சம்மதித்தேன். வேறு என்ன சொல்வது?

பின்னால் சைக்கிள் மணி. அதிபர் பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்திருந்தார். றபானையும் அரிசியையும் என்னையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்.

“என்ன தம்பி இது?”

“வாசிச்சிக் காட்ட வந்தன் சேர்.”

வேலிக்கு அப்பால் கை மறைந்து, அதிபர் மனைவியின் குரல் வந்தது. “அள்ளா! நம்மட தொண்டர் வாத்தியாரா? அப்ப அரிசிய வாங்கவாகா?”

“சதக்காவாக் குடுத்தத திருப்பி வாங்கேலாது,” என்றார் அதிபர். தர்மம் போன்ற மார்க்க விடயங்களில் அவர் கண்டிப்பானவர். என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நீங்க கொண்டு போங்க. நான் யோசிக்கன்.”

‘யோசிக்கிறேன்’ என்றால் அதிபரின் அகராதியில் ‘இல்லை’ என்று அர்த்தம். மாமாவின் தீர்ப்பில் தப்பிய ஒரே வாத்தியம் அதிபரின் படலையடியில் விழுந்துவிட்டது. அரிசியைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, கடற்கரை வழியாக நடந்தேன். அங்கே வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றின் நுனியில் இன்னும் ஒரு ஆள் நிற்க இடமிருந்தது.

வீட்டில் உம்மா முடிச்சை அவிழ்த்தார். “ஏது மனே அரிசி?”

“அதிபர்ர ஊட்ட தந்தாங்க.”

“அதிபரா? அதிபர் அரிசி தந்து உட்டிரிக்காரா?” உம்மா வாசலுக்கு ஓடினார். “கேட்டீங்களா! நம்மட மகன அவங்க சொந்தமா நெனச்சிட்டாங்க. நியமனம் வந்திட்டுகா!”

அன்று இரவுச் சோறு அந்த அரிசியில்தான். வாப்பா இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார். நல்ல சம்பா என்றார். என் படிப்பால் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வருமானம் அது.

கதிரை

மறுநாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். உண்மையாகவே யோசித்திருந்தார்.

“தம்பி, பாவா எப்பிடி அடிப்பார்?”

“நின்டு அடிப்பார் சேர். நடந்தும் அடிப்பார்.”

“கதிரையில இருந்து அடிச்ச பாவாவக் கண்டிரிக்கீங்களா?”

“இல்ல சேர்.”

“அப்ப கதிரை. களிசான். சப்பாத்து. கழுத்துப்பட்டி என்ட ஒண்டு தாறன். அதிகாரி கேட்டா றபான் எண்டு சொல்லப்படாது. தாள வாத்தியம் எண்டு சொல்லணும்.”

மீலாத் அன்று அப்படியே நாற்காலியில் இருந்தேன். ஒன்றை மட்டும் அதிபரும் நானும் மறந்திருந்தோம். நான் பழகியது சாரத்தின் குழிக்குள். கால்சட்டையான களிசானுக்கு மடி இல்லை. பாட்டுத் தொடங்கியதும் றபான் வழுக்கத் தொடங்கியது. முழங்கால்களால் நெரித்தேன். பிறகு ஒரு கையால் பிடித்தேன். மிஞ்சிய ஒரு கையால் பாதித் தாளத்தைத்தான் அடிக்க முடிந்தது. மீதிப் பாதியைப் பிள்ளைகள் நல்ல மனதோடு கற்பனை செய்துகொண்டு பாடினார்கள். முன்வரிசையில் மாமாவும் வாப்பாவும் இருந்தார்கள். வாப்பா என் கையைப் பார்க்கவில்லை, கழுத்துப்பட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடைசிவரை இருந்தார். அதிபர் தன் வாயால் என் பெயரைச் சொன்னார்.

“தாளத்த விட்டு விட்டு அடிச்சாரே, அது கஷ்டமான கணக்கோ?” என்று அதிகாரி கேட்டாராம்.

“ஓம் சேர். கணக்கில கெட்டிக்காரன்,” என்றாராம் அதிபர்.

அடுத்த நோன்புக்கு முன் நியமனம் வந்தது. உறையை வாப்பாதான் கிழித்தார். எனவே அந்தச் சத்தம் அவருக்குத்தான் சேர்ந்தது. கணித ஆசிரியர். இடம், இறக்காமம்.

இறக்காமத்து ரசிகர்

இறக்காமத்தில் கடல் இல்லை. குளமும் வயலும் காடும். புதிதாக வருகிற வாத்தியார் பெட்டியை அவிழ்க்குமுன் இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டுவிடுவார் என்று ஊரில் சொன்னார்கள். நான் தங்கிய வீட்டுக்காரர் அலியார் காக்கா, வயல்காரர். என் பெட்டி அவிழ்வதை அவர் அருகில் நின்றே கவனித்தார். றபானைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“சேருக்கு இது அடிக்கேலுமா?”

“கொஞ்சம் ஏலும்.”

“அப்ப மஹ்ரிபு தொழுதிட்டு வயலுக்குப் போவமா?”

இப்படி ஒரு வரவேற்பை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தித் தொழுகை முடிந்ததும் மகிழ்ச்சியோடு சாரத்தை உடுத்துக்கொண்டு போனேன். கதிர் முற்றிய வயலின் ஓரத்தில், மரத்தில் கட்டிய காவல் பரண். ஏறி இருந்த பிறகுதான் காரணத்தைச் சொன்னார்.

“ஆனை வரும் சேர். தகரம் அடிக்கிற சத்தம் அதுக்குப் பழகிட்டு, இப்ப பயப்படுதில்ல. புதுச் சத்தமெண்டா ஓடும்.”

வந்தது. தனி யானை. மங்கல் வெளிச்சத்தில் காட்டின் ஒரு துண்டு கழன்று வருவதுபோல் வரம்புக்கு வந்தது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அடித்தேன். இந்த முறை வழுக்கவில்லை. மடிக் குழிக்குள்ளிருந்து ‘தொம்’ எழுந்து வயலின் மேல் உருண்டு போனது.

யானை நின்றது. காதுகளை விரித்தது. கதிரில் வாய் வைக்கவில்லை, திரும்பவும் இல்லை. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அது நின்றுகொண்டே இருந்தது.

“சேர்,” என்று அலியார் காக்கா என் தோளைச் சுரண்டினார். “அது போகுதில்ல. கேட்டுக்கிட்டு நிக்கிது.”

“என்ன செய்ய?”

“நிப்பாட்டிப் பாருங்க.”

நிறுத்தினேன். யானை இன்னும் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஒருவகை அலுப்போடு திரும்பி, வந்த வழியே காட்டுக்குள் போய்விட்டது. ஒரு கதிரும் முறியவில்லை.

அலியார் காக்கா மூச்சை விட்டார். அடுத்த வயல் பரணிலிருந்து யாரோ என்ன நடந்ததென்று கூவிக் கேட்டார்கள். “வாத்தியார் நிப்பாட்டினார், போயிட்டு!” என்று இவர் கூவிப் பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

“நாளைக்கும் வருவீங்களா சேர்? வந்து கொஞ்சம் அடிச்சிட்டு நிப்பாட்டினாப் போதும்.”

நான் இடமாற்றத்துக்கு எழுதவில்லை. அந்தப் போகம் வெட்டி முடியும்வரை ஒவ்வொரு நாளும் மஹ்ரிபுக்குப் பிறகு வயலுக்குப் போய், ஊருக்காக அடித்து, ஊருக்காக நிறுத்தினேன்.